கட்டி எண் பதினேழின் நிரந்தர முகவரி

பாண்டீஸ்வரியின் நாய்க்கு மிளகி என்று பெயர். நிறத்தைப் பார்த்து வைத்தது, குணத்துக்கும் பொருந்திப்போனது. போடிநாயக்கனூரில் அந்த நாய்க்கு விரோதிகள் என்று சொல்ல இரண்டே பேர். ஒருவர் தபால்காரர் மொக்கச்சாமி. இன்னொருவர் பிற்பாடு வந்து சேர்ந்தார், முனைவர் பட்டத்தோடு.

பாண்டீஸ்வரிக்கு ஏலக் கம்பெனி ஒன்றில் சாம்பிள் எடுக்கிற வேலை. மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஏலக்காய் மூட்டையிலும் கையை முழங்கை வரைக்கும் விட்டு, மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்து, கலந்து, சின்னப் பையில் போட்டு லாட் நம்பர் ஒட்ட வேண்டும். மேலாக நல்ல காயைப் பரப்பி அடியில் சோடையை ஒளிக்கிற வித்தையெல்லாம் அவளிடம் பலிக்காது. வியாபாரிகள் மூட்டையின் முகத்தையே பார்ப்பதில்லை. அவள் எடுத்த பிடியைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். விலை கட்டவில்லை என்றால் தோட்டக்காரர் "வாபஸ்" என்பார். உடனே ஏலம் கூறுகிற ஜஹாங்கீர் பாய் மேசையை ஒரு தட்டுத் தட்டி, "லாட் வாபஸ்" என்று அறிவித்துவிடுவார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தத் தட்டு மட்டும் மாறவில்லை. தட்டிவிட்டால் மூட்டை வந்த வழியே போகும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மூட்டை உடையவனுடையது. இந்த ஒரு நியாயத்தை நம்பித்தான் பதினெட்டு வருஷமாக அவள் உலகத்தில் நடமாடிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் ஈஸ்வரன் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பு ஓட்டுபவன். மிளகிக்கு அந்த ஜீப்பில் முன்சீட்டு. போன ஐப்பசியில், போடிமெட்டுக்குப் போகிற வழியில் கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. ஒரு வளைவில் மிளகி வெறி பிடித்ததுபோலக் குரைத்தது. ஈஸ்வரன் பிரேக்கை மிதித்த இடத்துக்கு நாலடி முன்னால் காட்டுமாடு ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் பதினான்கு பெண்கள். அன்றிலிருந்து வண்டியில் மிளகிக்கு ஆளுக்கொரு பிஸ்கட். ஈஸ்வரன் வாய்விட்டுச் சொல்லமாட்டான், ஆனால் அந்த நாய் இல்லாமல் வண்டியைக் கிளப்பமாட்டான்.

அப்படிப்பட்ட மிளகியைக் குளிப்பாட்டும்போது ஒருநாள் அடிவயிற்றில், இடப்பக்கம் நாலாவது காம்புக்குப் பக்கத்தில், பாண்டீஸ்வரியின் விரலில் ஏதோ நிரடியது. அவளுக்கு அளவென்றால் காயளவுதான். எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கிற முதல் தரக் காய் அளவு இருந்தது. மறுநாளே கால்நடை டாக்டர் ரேணுகாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

ரேணுகா தடவிப் பார்த்தாள். நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிப் பார்த்தாள். "முலைக்கட்டிம்மா. நெஞ்சுக்குப் போகல, அது வரைக்கும் நல்லது. இப்பவே எடுத்துட்டா தப்பிச்சுரும். மூணு சென்டிமீட்டரத் தாண்ட விடக்கூடாது. தாண்டுச்சுன்னா நான் வெட்டியும் உத்தரவாதம் சொல்ல முடியாது."

"அப்ப இன்னைக்கே எடுத்துருங்க டாக்டரம்மா."

ரேணுகா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினாள். அதை எடுத்த விதத்திலேயே அதன்மேல் அவளுக்கு இருந்த மரியாதை தெரிந்தது. வட்டாரத்தில் எந்த நாய்க்கு முலைக்கட்டி வந்தாலும் முதலில் ஆய்வு நடுவத்தில் பதிவு, அதற்கப்புறம்தான் கத்தி. "ஒரு வாரம்னு சொல்றாங்க. போய் பதிஞ்சுட்டு வெரசா வாங்க," என்றாள்.

நடுவத்தின் முழுப்பெயர் மலைச்சாரல் நாயினப் புற்றுமூல உயராய்வு நடுவம். முந்தல் ரோட்டில் பழைய ஏலக்காய்க் குடோன் ஒன்றை எடுத்து வெள்ளையடித்து ஆரம்பித்திருந்தார்கள். பெயர் ஒரு பலகையில் அடங்கவில்லை. 'நடுவம்' என்ற சொல் மட்டும் கேட்டுக்கு அந்தப் பக்கம் தனியாகத் தொங்கியது. பொட்டிபுரத்து மலைக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேடப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த நாளிலேயே போடிக்காரர்களுக்கு ஒரு தெளிவு வந்திருந்தது: பெரிய படிப்புக்காரர்கள் தேடுவது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, தெரிந்துவிட்டால் தேடமாட்டார்கள். அதனால் இந்த நடுவம் வந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

பதிவு மேசையில் இருந்த எழுத்தர் நாயைப் பார்க்கவில்லை. படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார். "கட்டியின் பெயர்?"

"மிளகிங்க."

"அது நாயின் பெயர். கட்டியின் பெயர் கேட்டேன்."

பாண்டீஸ்வரிக்கு விளங்கவில்லை. கட்டிக்கு யாரும் காது குத்திப் பெயர் வைத்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. எழுத்தர் பெருமூச்சு விட்டு, 'கட்டி எண் 17' என்று அவரே எழுதிக்கொண்டார். அடுத்து, கட்டியின் நிரந்தர முகவரி. அதில் 'மிளகி, அடிவயிறு, இடப்பக்கம், நாலாம் காம்பு, போடிநாயக்கனூர்' என்று எழுதினார். தற்காலிக முகவரி என்ற கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதினார். பாலினம் என்ற கட்டத்தில் கை தவறி 'ஆண்' என்று எழுதிவிட்டார்.

"ஐயா, இது பொட்டைங்க. ஆம்பள நாய்க்கு எங்குட்டு மொலக்கட்டி?"

"இருக்கட்டும் அம்மா. பதிவேட்டில் எழுதியதை அடிக்கவோ திருத்தவோ கூடாது. அடித்தால் தணிக்கையில் பிடித்துக்கொள்வார்கள்."

கடைசியில் ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம் நீட்டினார்கள். பாண்டீஸ்வரி அதைப் புரட்டிப் பார்த்தாள். மேலே நம்பர், கீழே கையெழுத்து, நடுவில் ஏகப்பட்ட எழுத்து. பார்க்க அசல் லாட் சீட்டு மாதிரியே இருந்தது. லாட் சீட்டில் கையெழுத்துப் போட்டால் மூட்டை கைவிட்டுப் போய்விடாது, விலை கட்டினால்தான் போகும் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம். அந்தத் தைரியத்தில் போட்டாள். அந்தத் தாளின் ஆறாம் பக்கத்தில், 'கட்டியும் அதைச் சுற்றியுள்ள பொருளும் ஆய்வு முடியும் வரை நடுவத்தின் பொறுப்பில் இருக்கும்' என்று எழுதியிருந்தது. கட்டியைச் சுற்றியுள்ள பொருள் என்றால் மிளகி. அன்று முதல் நடுவத்தின் எல்லாக் காகிதங்களிலும் மிளகிக்குப் பெயர் சுற்றுப்பொருள்.

இயக்குநர் முனைவர் பாண்டித்துரை அவளை அறைக்குள் அழைத்து விளக்கினார். விளக்குவது அவருக்குப் பிடிக்கும். எதிரில் ஆள் இருக்கிறதா என்பது முக்கியமில்லை.

"ஒரு கட்டியில் நூறு செல் இருந்தால் தொண்ணூற்றெட்டு வெறும் கூட்டம் அம்மா. ஒன்றோ இரண்டோதான் மூலம். குருத்தணு என்போம். கூட்டத்தை எல்லாம் அழித்தாலும் அந்த ஒன்று மிஞ்சினால் கட்டி திரும்ப முளைக்கும். மருந்துக்கும் அது மசியாது. நாயில் அதைக் கண்டுபிடித்தால் நாளைக்கு மனிதப் பெண்களுக்கும் பயன்படும்."

"ஏலச் செடி மாதிரிங்களா சார்? தட்டைய எத்தன வாட்டி அறுத்தாலும் தூர்ல கெழங்கு கெடந்தா வெடிச்சு வரும்."

பாண்டித்துரை பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். அந்த உவமை பிறகு அவருடைய மூன்று கட்டுரைகளிலும் ஒரு வெளிநாட்டுப் பேச்சிலும் வந்தது.

"அப்ப தூரோட தோண்டி எடுத்துரலாம்லங்க சார்?"

"எடுத்துவிட்டால் எதை அம்மா ஆராய்வது? நாங்கள் நாய்க்கு விரோதிகள் இல்லை. நாய் இல்லாவிட்டால் கட்டி எங்கே இருக்கும்? நாயை நாங்கள் மதிக்கிறோம். கட்டி நன்றாக வளர்வதற்கு நாய் உயிரோடு இருப்பது மிக அவசியம்."

இதை அவர் மிகுந்த கனிவோடு சொன்னார்.

ஒரு வாரம் என்பது பத்து நாளானது. பத்து நாள் ஒரு மாதமானது. முதல் சாம்பிளை எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்தார்கள். கரண்டு போனது. ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் அது இயக்குநர் அறை ஏ.சி.க்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டாவது சாம்பிள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, ஆண் நாய்க்கு முலைக்கட்டி என்ற அதிசயத்தை ஆராய ஒரு தனிக்குழு போடப்பட்டதால் அதனிடம் போனது. மூன்றாவதை எடுத்தவர் உறை மாட்டிய கையோடு தும்மிவிட்டார். நாலாவதை எடுப்பதற்குள் அளவுக் குழு, வளர்ச்சிக் கண்காணிப்புக் குழு, இரண்டையும் ஒருங்கிணைக்கும் குழு என்று மூன்று குழுக்கள் வந்துவிட்டன. ஒன்றைக் கலைத்தால் அதே இடத்தில் இரண்டு முளைத்தது. குருத்தணுவைத் தேட அவர்கள் நடுவத்துக்கு வெளியே போயிருக்கவே தேவையில்லை.

சாம்பிள் எடுப்பதைப் பார்க்கும்போதுதான் பாண்டீஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரே இடத்தில், மேலாகவே குத்தி எடுத்தார்கள்.

"மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு எடுங்க சார். மேலாக்க எடுத்தா மூட்ட எப்படின்னு தெரியுமா? நீங்க தேடுறது நூத்துல ஒண்ணுன்னு நீங்கதான சொன்னீக?"

"நெறிமுறையில் ஒரு இடம் என்றுதான் இருக்கிறது," என்றார் எடுத்தவர்.

அங்கே வேலை செய்கிறவன் என்று ஒருவன் இருந்தான். ஆய்வுக்கூட உதவியாளன் தவசி. ஐம்பத்திரண்டு பேர் சம்பளம் வாங்கிய அந்தக் கட்டடத்தில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவன் அவன் ஒருவன்தான். ஒருநாள் மிளகிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, அறுத்து எடுத்த கட்டியே போதும். ஐஸ்ல வச்சு வெரசா கொண்டாந்தா, மூணு எடத்துல எடுத்து நானே தட்டுல வளத்துப் பாத்துருவேன். குருத்தணு இருந்தா உருண்ட உருண்டையா வளரும். நாய் வயித்துல கெடந்துதான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல."

பாண்டீஸ்வரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இத அந்த ஆளுகிட்ட சொல்லலயாடா தம்பி?"

"என்ட்ட கேக்கலக்கா. எங்க கிரேடுக்குக் கருத்து இல்ல. அடுத்த கிரேடுலதான் கருத்து வரும்."

வீட்டுக்கு வந்து ஈஸ்வரனிடம் சொன்னாள். அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "வைக்கப்போர்ல படுத்த நாய் தானும் திங்காது, மாட்டையும் திங்கவிடாதுன்னு சொல்லுவாக. இங்க நாய் மேல போய் இவுக படுத்துக்கிட்டாக," என்றான்.

கட்டி அதற்குள் நெல்லிக்காய் அளவைத் தொட்டிருந்தது. ரேணுகா அளந்து பார்த்தாள். இரண்டரை சென்டிமீட்டர். நடுவத்திலிருந்து எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் எண் போட்ட பட்டியல் போயிருந்தது. பட்டியலில் உள்ள நாயின்மேல் அனுமதியில்லாமல் கத்தி வைத்தால் வைத்தவர் வேலைக்கே உலை. "நான் பயப்படலம்மா," என்றாள் ரேணுகா. "ஆனா மொட்டையா செஞ்சா அவங்க என்னைய வேல செய்யவிடாம பண்ணுவாங்க, அடுத்து வர்ற நாய்க்கு ஆளு இருக்காது. வாபஸ்னு அவங்க ஆபீஸ் தாள்ல ஒத்த வரி கொண்டாங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஒற்றை வரிக்காகப் பாண்டீஸ்வரி மூன்று நாள் லீவு போட்டு நடந்தாள். விலகல் மனு என்று ஒரு படிவம் இருக்கத்தான் செய்தது. அதை உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். உரிமையாளர் யார் என்று கேட்டாள். கட்டிக்கு நடுவம் உரிமையாளர் என்றார் எழுத்தர். அப்படியானால் நாயை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், கட்டியை விட்டுவிட்டு என்றார். சரி, கட்டியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வெட்டினால் கட்டியின் நிரந்தர முகவரி மாறிவிடும், முகவரி மாற்றத்துக்கு நாயின் ஒப்புதல் வேண்டும் என்றார்.

"நாய் எப்படிய்யா ஒப்புதல் குடுக்கும்?"

"அதைத்தான் அறநெறிக் குழு யோசித்துக்கொண்டிருக்கிறது."

அறநெறிக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதி யார் தெரியுமா? ஏலம் கூறும் ஜஹாங்கீர் பாய். ஊரில் நாணயமான மனிதர் ஒருவர் வேண்டும் என்று சொல்லி அவரைப் போட்டிருந்தார்கள். மாதம் ஒரு கூட்டம். டீயும் சமோசாவும் வரும். முன்னால் வைத்த தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஆங்கிலத்திலேயே பேசுவதால் அவருக்கு நல்ல தூக்கம் வரும். பாண்டீஸ்வரி அவரிடம் போய் முறையிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது ஆத்தா," என்றார் பாய், வெட்கத்தோடு. "மிளகிதான் அந்தப் பதினேழுன்னு இன்னைக்குத்தான் தெரியும். அவுக காட்டுற படத்துல வெறும் உருண்டதான் இருக்கும். நாய நான் பாத்ததே இல்ல."

பாண்டீஸ்வரிக்கு அது புதிதில்லை. சாம்பிளைப் பார்க்கிறவன் மூட்டையைப் பார்ப்பதில்லை. ஆனால் அவள் கம்பெனியில் சாம்பிளைப் பார்த்தவன் கடைசியில் விலையாவது சொல்வான்.

நூறாவது நாள் வந்தது. நடுவத்தில் அதை விழாவாகக் கொண்டாட முடிவு செய்தார்கள். எந்தக் கட்டியும் இவ்வளவு ஒழுங்காக, குறுக்கீடு இல்லாமல், நூறு நாள் கண்காணிப்பில் இருந்ததில்லையாம். மற்ற பதினாறும் என்ன ஆயின என்று கேட்டதற்கு, சுற்றுப்பொருள்கள் ஒத்துழைக்கவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட நிமிஷத்தில்தான் பாண்டீஸ்வரியின் பயம் போய் அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. அன்று காலை ரேணுகா அளந்ததில் கட்டி இரண்டு புள்ளி எட்டு.

பேனரில் கட்டியின் படம். மிளகியின் கால்கள் உறுத்தியதால் அவற்றைப் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். நடுவத்தின் கீதம் பாடினார்கள், பாடத் தெரிந்த மூன்று பேர். மேடையில் அறநெறிக் குழு உட்கார்ந்தது, ஓரத்தில் ஜஹாங்கீர் பாய். அது விழாவானாலும் கணக்கில் அறநெறிக் குழுக் கூட்டம்தான். அப்படிக் காட்டினால்தான் சாப்பாட்டுக்கு நிதி உண்டு. ஆகவே எழுத்தர் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு மேடையில் நடந்த ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டிருந்தார்.

பாண்டித்துரை நாற்பத்தைந்து நிமிஷம் பேசினார்.

"நாங்கள் தொடங்கியபோது இந்தக் கட்டி எட்டு மில்லிமீட்டர். ஏழை வீட்டுக் கட்டி. யாருக்கும் தெரியாமல் ஒரு மூலையில் கிடந்தது. இன்று இருபத்தெட்டு மில்லிமீட்டர். இந்த வளர்ச்சி தானாக வந்துவிடவில்லை. அறுவைச் சிகிச்சை என்ற குறுக்கீட்டை எத்தனை முறை தடுத்திருக்கிறோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். சிலர் கேட்கிறார்கள், குருத்தணுவைக் கண்டுபிடித்தீர்களா என்று. கண்டுபிடித்துவிட்டால் நடுவம் எதற்கு? தேடல்தான் அறிவியல். இந்த ஆய்வை இன்னும் ஐந்தாண்டு நீட்டிக்கக் கேட்டிருக்கிறோம். கட்டி ஒத்துழைக்கும் என்று நம்புகிறேன்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் ஈஸ்வரன் மடியில் கிடந்த மிளகி கொட்டாவி விட்டது.

"அடுத்து, சுற்றுப்பொருள் பராமரிப்பாளர் திருமதி பாண்டீஸ்வரி நன்றி சொல்வார்."

பாண்டீஸ்வரி மேடை ஏறினாள். நன்றியுரையை எழுதியே கொடுத்திருந்தார்கள். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"எனக்குப் பேசத் தெரியாது," என்றாள். "சாம்பிள் எடுக்கத் தெரியும். பதினெட்டு வருசமா அந்தச் சோலிதான். நீங்க இந்த நூறு நாளுல பதினோரு வாட்டி சாம்பிள் எடுத்தீக. பதினோரு வாட்டியும் மேலாக்க எடுத்தீக. ஒண்ணு அழுகுச்சு, ஒண்ணுல தும்முனீக, ஒண்ணு எங்க போச்சுன்னே தெரியல. சரி, அதுவும் போகட்டும். எங்க கம்பெனியில சாம்பிள் எடுத்தவன் வெல சொல்லணும். வெலன்னா நான் பணம் கேக்கல. இந்த நாயப் பொழைக்க வைக்கிறேன், இல்ல முடியாதுன்னு ஒத்த வார்த்த சொல்லணும். நீங்க சொல்லல. மருந்து இல்ல, ஒரு மாத்திர இல்ல. பதினாறு மூட்டைய இப்படித்தான் குத்திக் குத்தியே காலி பண்ணிருக்கீக. என் மூட்டையும் காலியாகுறத நான் பாத்துக்கிட்டு நிக்கமாட்டேன். வெல கட்டலன்னா உடையவன் எடுத்துட்டுப் போயிருவான், அதான் போடி வழக்கம். லாட் நம்பர் பதினேழு. நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

மேடை ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஜஹாங்கீர் பாயின் காதில் லாட் நம்பரும் வாபஸும் விழுந்தன. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் கண்ணைத் திறக்கும் முன்பே கையை ஓங்கியது. மேசையை ஒரு தட்டுத் தட்டி, கூடமே அதிர, "லாட் பதினேழு, வாபஸ்" என்றார்.

எழுத்தர் தலைநிமிராமல் எழுதினார். 'எண் 17 வாபஸ். அறநெறிக் குழு அறிவித்தது.'

பாண்டித்துரைதான் முதலில் சுதாரித்தார். "அதை அடியுங்கள்," என்றார்.

எழுத்தர் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எழுதியதை அடிக்கக் கூடாதுங்க சார். தணிக்கை."

"தவறாக எழுதிவிட்டீர்கள்."

"ஆண் என்று எழுதியதுகூடத் தவறுதான் சார். அதை நீங்கள்தான் அடிக்கக் கூடாது என்றீர்கள். இங்கே எழுதியதுதான் உண்மை, மாற்றுவதென்றால் நாயைத்தான் மாற்ற வேண்டும் என்று சுற்றறிக்கையே விட்டீர்கள்."

பாண்டித்துரை பாய் பக்கம் திரும்பினார். குரலில் மறுபடி கனிவு வந்திருந்தது. "பாய், நீங்கள் தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டீர்கள். தெரியாமல் சொன்னதாக ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருஷம் உங்களைக் குழுவின் துணைத் தலைவர் ஆக்கிவிடுகிறேன்."

ஜஹாங்கீர் பாய் முன்வரிசையைப் பார்த்தார். அன்றுதான் அவர் மூட்டையை முதன்முறையாகப் பார்த்தார். மிளகி அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. அடிவயிற்றில் பதினோரு ஊசிக்கும் மயிர் சிரைத்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. பாய் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"தூங்குனது நெசந்தான் சார். நூறு நாளா தூங்குனேன், அதுக்கு அல்லா என்னைய மன்னிக்கணும். ஆனா மேசையத் தட்டுனதுக்கப்பறம் மாத்திச் சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது. வாபஸ்னா வாபஸ்தான்," என்றவர், கீழே திரும்பினார். "ஈஸ்வரா, வண்டிய எடுப்பா."

எழுத்தர் மறுபடி விரித்த பதிவேட்டுப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு பாண்டீஸ்வரி மேடையிலிருந்து இறங்கினாள். கேட்டை மூடச்சொல்லி யாரோ கத்தியது கேட்டது. காவலாளி சாவிக்காக நிர்வாகக் குழுவுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தபோது ஜீப்பு முந்தல் ரோட்டில் திரும்பிவிட்டது.

ரேணுகா அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தாள். நேரே கை கழுவப் போனாள். ஒன்றரை மணி நேரம். ஈஸ்வரன் வெளியே நின்று ஒரு கட்டுப் பீடியைத் தீர்த்தான். பாண்டீஸ்வரி நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. கடைசியில் ரேணுகா ஒரு கிண்ணத்தோடு வெளியே வந்தாள். கட்டி மொத்தமும் அதில் இருந்தது, சுற்றிலும் நல்ல சதையோடு.

"சுத்தமா எடுத்துட்டேன். வேர் எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாதும்மா. பொய் சொல்லமாட்டேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா கூட்டிட்டு வாங்க. ஆனா இப்போதைக்கு உங்க நாய் உங்க நாய்தான்."

பாண்டீஸ்வரி அழுதாள். நூறு நாளில் அவள் அழுதது அப்போதுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத ஐஸ்ல வச்சுக் குடுங்க டாக்டரம்மா," என்றாள். "ஒருத்தனுக்கு வேணும்."

அன்று சாயங்காலமே அது தவசியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்துத் தட்டுகளில் வளர்க்க வைத்தான். மிச்சத்தைக் கட்டம் போட்ட டப்பாவில் அடைத்து, எண் ஒட்டி, நடுவத்து ஐஸ்பெட்டியின் இரண்டாம் தட்டில் வைத்தான். எட்டாம் நாள் அடியில் எடுத்த துண்டிலிருந்து சின்னச் சின்ன உருண்டைகள் வளர்ந்து வந்தன. மேலாக எடுத்ததில் ஒன்றுகூட இல்லை. அதை அவன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான். யாரும் கேட்கவில்லை.

கேட்க அவர்களுக்கு நேரமில்லை. காணாமல்போன கட்டியைத் தேட நாலு குழுக்கள் அலைந்துகொண்டிருந்தன. மூன்றாவது வாரம் தபால்காரர் மொக்கச்சாமி ஒரு பதிவுத் தபாலோடு வந்து, வழக்கம்போலத் தெருவிலேயே சைக்கிளை நிறுத்திக்கொண்டார்.

"இது யாருக்குன்னே தெரியலயே," என்று உரக்க வாசித்தார். "கட்டி எண் பதினேழு அவர்கள், மிளகி, அடிவயிறு, இடப்பக்கம், நாலாம் காம்பு, போடிநாயக்கனூர். முப்பது வருச சர்வீசுல இப்பிடி ஒரு விலாசம் பாத்ததில்ல. விலாசதாரர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கணும், தாயி."

பாண்டீஸ்வரி மிளகியைப் பிடித்து மெல்ல மல்லாத்தினாள். தையல் பிரித்த தழும்பு சிவந்த கோடாகத் தெரிந்தது. நாலாம் காம்பு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"நீங்களே பாத்துக்கோங்க அண்ணே. இங்க அப்பிடி யாரும் குடியில்ல."

மொக்கச்சாமி தைரியத்தைத் திரட்டி இரண்டடி கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். சட்டப்படி முகவரியை நேரில் சரிபார்த்தாகிவிட்டது. "எங்க போச்சுன்னு தெரியுமா? தெரிஞ்சா புது விலாசம் எழுதி அனுப்பணும், அதான் ரூல்."

தவசி சொல்லியிருந்த இடத்தை அவள் சொன்னாள். அவர் உறையைச் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து, சிவப்பு மையில், அழகான கையெழுத்தில் எழுதினார்:

'விலாசதாரர் குடிபெயர்ந்துவிட்டார். தற்போதைய முகவரி: அனுப்புநர் அலுவலகம், ஐஸ்பெட்டி, இரண்டாம் தட்டு.'

அவர் சைக்கிளில் ஏறி மிதித்ததுதான் தாமதம், மிளகி பாண்டீஸ்வரியின் கையிலிருந்து திமிறிக்கொண்டு எழுந்து, தெருமுனை வரைக்கும் அவரை விரட்டிக்கொண்டு ஓடியது.